வியாழக்கிழமை வந்த உள்ளூர்க்காரர்

எங்கள் ரெய்க்யவிக் நகரத்தில் வருஷம் முழுக்க மேய்கிற ஓர் உயிரினம் உண்டு: 'நான் சுற்றுலாப் பயணி இல்லை' என்று சொல்லிக்கொண்டே விமானத்திலிருந்து இறங்குகிற வகை. பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். கையில் குடை இருக்காது. இந்த ஊர்க் காற்றில் உள்ளூர்க்காரன் எவனும் குடை பிடிக்கமாட்டான் என்று படித்துவிட்டு வந்திருக்கிறது; ஆகவே நனைகிறது. பெருமையாக நனைகிறது. நாங்களா? மழை பெய்தால் வீட்டில் இருப்போம்.

டெரெக் என்பவர் வியாழக்கிழமை வந்தார். மாதக்கணக்கில் கைபேசியில் எங்கள் மொழியைப் படித்தவர். வெள்ளிக்கிழமைக்குள் கழுத்தைச் சுற்றிப் பூவேலை செய்த கம்பளிச் சட்டை வாங்கி, சாஸேஜ் கடையில் 'எல்லாம் போட்டு' என்று அலட்சியமாகக் கேட்கப் பழகி, காபிக்கடை வாசலில், எங்கள் ஊர் வழக்கப்படி பெற்றோர் உள்ளே இருக்க, தள்ளுவண்டியில் தனியாகத் தூங்கும் குழந்தையைக் கண்டும் போலீஸைக் கூப்பிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். ஒரே ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுமுன் ஓர் ஆளாவது அவரை உள்ளூர்க்காரர் என்று நம்பிவிட வேண்டும்.

சனிக்கிழமை பொது நீச்சல்குளத்துக்கு வந்தார். வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது குளியலறையில்தான். நீச்சலுடை மாட்டுமுன் துணியில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும்; ஜட்டியோடு குளிக்கப் பார்த்தால் காவலாளி விடமாட்டார். டெரெக்கா மாட்டுவார்? பிறந்தமேனியாக நின்று, சுவர்ப்படம் காட்டுகிற இடமெல்லாம் சோப்புப் போட்டார். மறுபடியும் போட்டார். காவலாளியே 'போதும்பா' என்று கையெடுத்துக் கும்பிடாத குறை.

வெளியே, குளத்தோர வெந்நீர்த் தொட்டியில் நான், பல் வைத்தியர் ஓட்டூர், பஸ் ஓட்டும் ஸ்வன்ஹில்டூர், மூவரும் கழுத்தளவில் ஊறிக்கொண்டிருந்தோம்.

"சே, என்ன காத்து இது!" என்று சலித்துக்கொண்டே டெரெக் தொட்டியில் இறங்கினார்.

"இதெல்லாம் காத்தா? செவ்வாக்கெழம அடிச்சுதே, என் குப்பைத்தொட்டி பக்கத்து வீட்டுக்கே குடிபோயிடுச்சு," என்றாள் ஸ்வன்ஹில்டூர்.

ஓட்டூர் நகர்ந்து இடம் கொடுத்தார். எங்கள் ஊரில் அது பட்டாபிஷேகம். டெரெக் முகத்தில் ஆனந்தம் பொங்கியது.

"அப்புறம், உன் புஸ்தகம் எப்ப வருது?" என்றார் ஓட்டூர்.

"எந்தப் புஸ்தகம்?"

"அதான்பா, நீ எழுதிட்டிருக்கற புஸ்தகம்."

"நான் ஒண்ணும் எழுதலையே."

எங்கள் ஊரில் எதையாவது எழுதாதவன் எவனும் கிடையாது. ஓட்டூர், பல் பிடுங்கும் நேரம் போக, துப்பறியும் நாவல் எழுதுகிறவர். என் நாலாவது கவிதைத் தொகுப்பை என் அக்காவே வாங்கியிருக்கிறாள்.

"பாட்டுக் குழுவாவது வச்சிருப்பே," என்றாள் டிரம் வாசிக்கிற ஸ்வன்ஹில்டூர், கருணையோடு.

"இல்லை."

"குறும்படம்? களிமண் பொம்மை? சும்மா ஒரு நாலு வரி?"

டெரெக் உதட்டைப் பிதுக்கினார்.

"பாவம். எந்த ஊருப்பா நீ?" என்றார் ஓட்டூர்.

போச்சு. அத்தனை சோப்பும் வீண்.

டெரெக் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "எழுதப்போறேன். இந்த ஊர்ல உள்ளூர்க்காரன் மாதிரி எப்படிச் சுத்தறதுன்னு."

"ஐயோ, இன்னொண்ணா!" என்று தலையிலடித்துக்கொண்டாள் ஸ்வன்ஹில்டூர்.

டெரெக்கின் புத்தகம் கிறிஸ்துமஸுக்கே வந்துவிட்டது. என் கவிதைகளைவிட நன்றாக விற்கிறது. முதல் வரி: 'குடை கொண்டுவராதீர்கள்.'

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால், "ரெய்க்யவிக் போனா குடையே எடுத்துட்டுப் போகக்கூடாது, தெரியுமா?" என்று வீட்டில் யாரிடமாவது சொல்ல இந்நேரம் உங்கள் வாய் துறுதுறுக்கவில்லையா? வாருங்கள், தொட்டியில் இடமிருக்கிறது. சோப்பு மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.