தாயில்பட்டி ரசிகர்கள்

நாற்பது நாற்காலி போட்டாகிவிட்டது. உட்கார வந்தவர்கள் மூன்று பேர். அதிலும் ஒருவர், நாற்காலிகளை வாடகைக்குக் கொடுத்தவர்.

ஜேசுதாசன் வாசல் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி எண்ணினான். எண்ணினால் கூடுமா என்ன?

சிவகாசியில் அவன் புரூப் திருத்தும் லித்தோ பிரஸ்ஸின் மாடி ஹால் அது. காலண்டருக்காக வரைந்து வாங்கிய அசல் ஓவியங்களைச் சுவர் நெடுக மாட்டியிருந்தார்கள். முருகனும் மாதாவும் பால்டப்பாக் குழந்தையும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். அந்தப் படங்களுக்கு நடுவே மாதம் ஒரு மாலைப்பொழுது, மெல்லிய இசையும் நாலு நல்ல பேச்சுமாக நடத்த வேண்டும் என்பது ஜேசுதாசனின் நெடுநாள் ஆசை.

முதலாளி தங்கச்சாமி அண்ணாச்சி கறாராகச் சொல்லியிருந்தார்.

"ஒரு தடவை நடத்திக் காட்டும். ஹால் நெறயணும். வந்தவுக வாயை மூடிக் கேக்கணும். கேட்டாகன்னா மாசாமாசம் ஹால் உமக்கு. இல்லைன்னா நாளைக்கே பேப்பர் லோடை இங்கன ஏத்திருவேன்."

பேப்பர் ரீம்களை அடுக்கி ஜமக்காளம் விரித்த மேடையில் மூன்று பேர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தேவாலயப் பாடகர் குழுவை நடத்தும் சேசுராஜ் வாத்தியார் ஆள் உயரப் பிடில் மாதிரி இருந்த செல்லோவை அணைத்தபடி இருந்தார். இரண்டு பிடில்களில் ஒன்று ஞானபூரணி, விருதுநகரில் டீச்சர். இன்னொன்று அவளுடைய தோழி. வாத்தியார் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். ஜேசுதாசனுக்கு அன்றுதான் அறிமுகம்.

வாட்ச்மேன் ஒச்சப்பன் படியேறி வந்தார்.

"தம்பி, தாயில்பட்டியில இருந்து லாரியில ஆளுக வந்திருக்காக. மேல அனுப்பவா?"

"சங்கீதம் கேக்கவா?"

"பின்ன, பட்டாசு லோடு ஏத்தவா பட்டுச்சேலை கட்டிட்டு வாராக?"

ஜேசுதாசனுக்குக் கண் கலங்கியது. கலை தாயில்பட்டி வரை பரவியிருப்பது அவனுக்குத் தெரியாமல் போயிற்றே.

ஹால் நிறைந்தது. அண்ணாச்சி வந்து, திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, முதல் வரிசையில் திருப்தியாக உட்கார்ந்தார். வாசிப்பு ஆரம்பமாயிற்று.

கூடவே கசமுசாவும் ஆரம்பமாயிற்று.

"நிறம் கொஞ்சம் மட்டு."

"நிறத்தையா கழுவிக் குடிக்கப் போறோம்? முகத்துல களை இருக்குல்ல."

"உசரம் காணுமா?"

ஜேசுதாசன் மேடையைப் பார்த்தான். ஞானபூரணியைப் பார்த்தான். பட்டுச்சேலைகளையும் மல்லிகைப் பூவையும் மடியில் இருந்த பழக்கூடையையும் பார்த்தான். விஷயம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கச்சேரி கேட்கிற சாக்கில் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி கழுத்தைத் திருப்பி முறைத்தார். ஜேசுதாசன் பின்வரிசைக்கு ஓடினான். கூட்டத்துக்குத் தலைவி போல நடுநாயகமாக ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். கனகமணி என்று பக்கத்தில் கூப்பிட்டார்கள்.

"அம்மா, கொஞ்சம் சத்தம் போடாம..."

"இருக்கட்டும், உக்காருங்க தம்பி. என்ன படிச்சிருக்கீக?"

"இன்டர்மீடியட். அம்மா, வாசிக்கும்போது..."

"இங்கன என்ன வேலை?"

"புரூப் பாக்கேன். தயவுசெஞ்சு..."

"வெத்தலை, பொடி?"

"எதுவும் கிடையாதும்மா."

அவன் சொன்ன ஒவ்வொரு பதிலும் அந்த வரிசை முழுக்கக் காதுக்குக் காது போய், அடுத்த வரிசைக்கும் தாவியது. கசமுசா இரைச்சலாயிற்று. பட்டிக்காட்டு ஜனங்களுக்கு எதையும் விசாரித்தே ஆக வேண்டும் என்று நொந்துகொண்டான்.

வேறு வழியில்லை. கடைசியில் பேச வைத்திருந்த 'கோடும் நிறமும்' என்ற சொற்பொழிவை இப்போதே பேசிவிடுவது என்று மேடையேறினான். வாத்தியார் பாதியில் வில்லை நிறுத்தினார்.

ஜேசுதாசன் வாயைத் திறந்ததும் ஹால் அடங்கியது. ஒரு வளையல்கூட அசையவில்லை. அவனுக்கே நம்ப முடியவில்லை. அவன் பேச்சுக்கு வீட்டில் அம்மாகூட இப்படி அடங்கினது கிடையாது.

பேசி முடித்து இறங்கினான். இசை தொடங்கியது. இரைச்சலும் தொடங்கியது.

மறுபடி ஏறி இன்னும் கொஞ்சம் பேசினான். அமைதி. இறங்கினான். சந்தைக்கடை.

அண்ணாச்சி அவனைக் கையசைத்துக் கூப்பிட்டார். "ஏன்வே, பாட்டுக் கேக்கக் கூப்பிட்டீரா, உம்ம பிரசங்கம் கேக்கக் கூப்பிட்டீரா?"

ஜேசுதாசன் யோசித்தான். பேசாமல் மேடை ஓரத்தில் சும்மா நின்று பார்த்தான். கூட்டம் சத்தமில்லாமல் இருந்தது. ஆகா, நம் பார்வைக்கு இவ்வளவு பயமா என்று ஆச்சரியப்பட்டான். இரண்டடி தள்ளி முருகன் படத்துக்குக் கீழே போனான். அத்தனை தலையும் முருகன் பக்கம் திரும்பியது. மாதாவுக்குப் போனான். தலைகளும் மாதாவுக்குப் போயின.

ஓவியத்தை ரசிக்கிறார்கள். வழிகாட்ட ஓர் ஆள்தான் வேண்டியிருந்திருக்கிறது.

உற்சாகம் பிடித்துக்கொண்டது. இசை ஒருபக்கம் ஓட, ஜேசுதாசன் ஒவ்வொரு படமாகப் போய் நின்றான். பக்கவாட்டில் நின்றான். எக்கி நின்று தூசி தட்டினான். கனகமணியம்மா தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அண்ணாச்சியே கண்ணை மூடிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பால்டப்பாக் குழந்தையை எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று ஜேசுதாசன் பின்னோக்கியே நடந்தான். அங்கே செல்லோவின் மரப்பெட்டி வாயைத் திறந்து கிடந்தது. அதற்குள் அச்சு வார்த்தது மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

முழங்கால் மட்டும் வெளியே தெரிந்தது.

ஞானபூரணியின் வில் வழுக்கி ஒரு கீச்சு விட்டது. அவள் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிடிலை மடியில் வைத்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வாத்தியாரும் தோழியும் வாசித்து முடித்தார்கள்.

பெட்டியிலிருந்து எழுந்த ஜேசுதாசனுக்கு உலகமே இருண்டது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஒரு பெண் இப்படிச் சிரித்தால் சம்பந்தம் நிற்குமா? தன்னால் ஒரு பிள்ளையின் வாழ்வு கெடலாமா? அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டால் பிடில் வாசிக்க ஓர் ஆள் குறையும் என்பதும் தெரிந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. நேரே கனகமணியம்மாவிடம் போனான்.

"அம்மா, அந்த டீச்சர் சிரிச்சதைத் தப்பா எடுத்துக்காதீக. குத்தம் என் பேர்லதான். தங்கமான பிள்ளை. அது வந்து வாய்க்க ஒரு வீடு கொடுத்து வச்சிருக்கணும்."

கனகமணியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மனசாரச் சொல்லுதீகளா தம்பி?"

"சத்தியமா."

"போதும். எங்களுக்கு இது போதும்."

கூட்டம் மளமளவென்று படியிறங்கியது. அண்ணாச்சி அவன் தோளைத் தட்டினார்.

"இம்புட்டு ஜனம் இம்புட்டு அமைதியா உக்காந்து நான் பாத்ததில்லைவே. மாசாமாசம் நடத்தும்."

ஹால் காலியாயிற்று. ஜேசுதாசன் நாற்காலிகளை மடக்கினான். முகத்தில் சந்தோஷமே இல்லை.

"என்ன தம்பி, ஹால் கிடைச்சும் ஒரு மாதிரி இருக்கீக?" என்றார் ஒச்சப்பன்.

"ஹால் கிடைச்சு என்ன செய்ய? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு டீச்சரைப் பிடிச்சுப்போச்சு. பிடில் தாயில்பட்டிக்குப் போயிரும்."

ஒச்சப்பன் ஒரு நாற்காலியை மடக்கி ஓரமாக வைத்தார்.

"அவுக மாப்பிள்ளை வீட்டாளுக இல்லை தம்பி, டீச்சரோட அத்தை மாமன்மாரு. கீழ லாரிக்கிட்ட உங்க அம்மா நிக்காக. பொண்ணுக்குச் சம்மதமாம், மாப்பிள்ளை நடந்து காட்டுனது போதும், இறங்கி வரச் சொல்லுதாக."