காற்றுக்கு இடம் விடாதவர்

சோலைராஜ் மூன்றாவது ஜன்னலையும் அடைத்துவிட்டு, அதன் இடுக்கில் பழைய வேட்டிக் கிழிசலைத் திணித்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து வந்த ஜெயபாய் எட்டிப் பார்த்தாள்.

"கொசுவுக்கா அடைக்கிய?"

"காத்துக்கு" என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

ஜெயபாய் கணவரின் முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதர் எதையாவது புரிந்துகொண்டுவிட்டேன் என்று சொல்லும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒரு சாமான் உடைந்திருக்கிறது. நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, "எல்லாம் புரிஞ்சுபோச்சுட்டி" என்று சொல்லியிருந்தார்.

சோலைராஜுக்கு ராஜபாளையத்தில் எண்ணெய்க்கடை. ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் அவருக்கு இளைப்பும் பிடித்துக்கொள்ளும். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அது கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துவிட்டது. பிடித்த நேரமும் சரியில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் அறுப்பின் பண்டிகை. வயலிலும் தோட்டத்திலும் விளைந்ததைச் சனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்து வேதக்கோயிலில் குவிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் கோயில் வாசலில் வைத்து ஏலம் போடுவார்கள். ஏலம் கூறுவது சோலைராஜ். அவருடைய அப்பா இருந்தவரைக்கும் அப்பா, அதற்குப் பிறகு அவர்.

எண்ணெய்க்கடை பிழைப்புக்கு. ஏலம்தான் அவருக்குப் பெருமை. மைக் கிடையாது. ஒரு பூசணிக்காயை ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்து, அது விளைந்த ஊரையும் அதன் குணத்தையும் சொல்லி, முதல் குரலாக விலை கேட்டவரின் பெயரைக் கூவி, ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம் என்று முடிக்கிற வரைக்கும் ஒரே மூச்சு. அடுத்த மூச்சு அடுத்த பொருளுக்கு. அவரைப் போல வேகமாக ஏலம் கூற தென்காசி வரைக்கும் ஆள் இல்லை என்று அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு பாடுபட்டும் ஏலத்தில் பெரிதாக ஒன்றும் சேருவதில்லை என்பது அவருக்குத் தீராத மனக்குறை. சபையார் கையிறுக்கம் என்பார். முக்கியமாக, தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற வெள்ளத்தாயைக் கண்டால் அவருக்கு ஆகாது. அவள் வருஷா வருஷம் முன்வரிசையில் வந்து நிற்பாள். சுருக்குப்பையைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். கடைசியில் வெறுங்கையோடு போய்விடுவாள். நல்லவேளையாக ஜெயபாயின் தம்பி பொன்னுராஜ் பக்கத்திலேயே நின்று முதல் குரல் கொடுத்துக்கொண்டிருப்பான். அவன் மட்டும் இல்லாவிட்டால் காணிக்கை அத்தனையும் அழுகிப் போயிருக்கும் என்று சோலைராஜ் நம்பினார்.

பொன்னுராஜ் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். அத்தானுக்கு இளைப்பு என்று கேள்விப்பட்டதும் வீட்டுக்கே வந்துவிட்டான். உடம்பு முக்கியம் என்றும், ஏலத்தை இந்த வருஷம் தானே பார்த்துக்கொள்வதாகவும், மைக்செட்டுக்கு வாடகை வேண்டாம் என்றும் சொன்னான். ஒரு வருஷம் விட்டால் அப்புறம் அவ்வளவுதான், ஏலம் கைமாறிவிடும். சோலைராஜ் அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார்.

அங்கே டாக்டர் கிருபாபாய் மதுரையில் படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்தார். நோயாளிக்கு நோயை விளக்காமல் வெளியே அனுப்பமாட்டார். உடம்பு கோடானுகோடி செல்லால் ஆனது, ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது, அந்தச் சவ்வில் பெரும்பகுதி கொழுப்பு என்று தொடங்கினார். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் உள்ளே வீங்குகிறது, அப்போது ஆக்ஸிஜனிலிருந்து உண்டாகிற சில பொருள்கள் அந்தச் சவ்வைத் தாக்கிக் கெடுக்கின்றன என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எதிரே இருப்பவர் எண்ணெய் வியாபாரி என்பதால் ஓர் உதாரணமும் சொன்னார். காற்றுப்பட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது இல்லையா, அந்த மாதிரி என்றார்.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் சோலைராஜின் காதில் விழவில்லை. அவர் மனசு கடைக்குப் போய்விட்டது. எண்ணெய் சிக்கெடுத்துக் கெட்டுப்போவதைப் பற்றி அவருக்கு இன்னொருவர் சொல்லித் தரவேண்டியதில்லை. டின்னை விளிம்பு மட்டும் நிரப்பி மூடவேண்டும். உள்ளே காற்று நிற்க இடம் விட்டால் எண்ணெய் கெட்டது. அவர் கடை டின் ஒன்றுகூட வாடை அடிக்கிறது என்று திரும்பி வந்ததில்லை. ஆக, வியாதி என்பது காற்று. வைத்தியம் என்பது மூடி.

டாக்டர் கொடுத்த மருந்துகளில் வைட்டமின் ஈ மாத்திரை அவருக்குப் பிடித்திருந்தது. அழுத்தினால் உள்ளே எண்ணெய் ததும்பியது, விளிம்பு வரைக்கும். இன்ஹேலரைப் பிடிக்கவில்லை. அமுக்கினால் புஸ்ஸென்று காற்றடித்தது. தீ எரிகிற இடத்தில் விசிறி எதற்கு என்று அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டுவிட்டு, ஜன்னலை அடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் இளைப்பு கூடியிருந்தது. அடைத்தது சரிதான், அடைப்பதற்கு முன்பே உள்ளே வந்துவிட்ட காற்றை வெளியேற்றாததுதான் தப்பு என்று சோலைராஜ் கண்டுபிடித்தார். டம்ளரைக் கவிழ்த்தால் மெழுகுவர்த்தி அணைந்துபோவது ஏன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைத் தீ தின்றுவிடுகிறது. போன கிறிஸ்துமஸுக்கு வாங்கி மீந்த மெழுகுவர்த்திகளை எல்லாம் அறையைச் சுற்றி ஏற்றிவைத்து நடுவில் உட்கார்ந்தார்.

புகை கண்டு ஓடிவந்த ஜெயபாய் கதவைத் தள்ளித் திறந்தபோது, அவர் இருமவும் முடியாமல், பேசவும் முடியாமல், கதவை மூடும்படி கையால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். அவள் மெழுகுவர்த்திகளை அணைத்தாள், ஜன்னல் துணிகளைப் பிடுங்கி எறிந்தாள். "செத்துத் தொலைக்கணும்னா சொல்லிட்டுச் செய்ங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் போய் அழுதாள்.

வீட்டை அடைக்க விடமாட்டாள் என்று தெரிந்ததும் சோலைராஜ் தன்னையே அடைக்கத் தீர்மானித்தார். மூச்சைக் குறைப்பது, அதற்காகப் பேச்சையும் குறைப்பது. கடையில் உட்கார்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். செட்டியார்பட்டியிலிருந்து வந்த ஒருவர் ஒரு டின்னைக் காட்டி விளக்கெண்ணெயா என்று கேட்டதற்கும் ஆட்டினார், நல்லெண்ணெயா என்று கேட்டதற்கும் ஆட்டினார். அவர் விளக்கெண்ணெயை வாங்கிப் போய்த் தோசை சுட்டு, குடும்பத்தோடு அவஸ்தைப்பட்டு, மறுநாள் காலையில் கடைக்கு வந்து நின்று பேசிய பேச்சுக்குப் பதில் சொல்ல சோலைராஜ் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

அவசரத்துக்குக் கிடைத்தது பொன்னுராஜின் மைக்செட் வேன்தான். குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவே சோலைராஜை உட்காரவைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டினார்கள். வழியெல்லாம் பொன்னுராஜ், ஏலத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டாம் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தான். அத்தான் கண்ணில் தண்ணீர் வந்ததை அவன் நன்றி என்று எடுத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பிறகு நர்ஸ் ஓர் உருளையை உருட்டிக்கொண்டு வந்தாள். அதில் ஆக்ஸிஜன் என்று எழுதியிருந்ததைப் படித்ததும், அதுவரை துவண்டு கிடந்த சோலைராஜ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். முகமூடியை இரண்டு கையாலும் தள்ளினார்.

"அதை வெளிய... கொண்டு போங்க" என்றார் விட்டு விட்டு. "நான் ஏற்கனவே... சிக்கெடுத்துட்டேன்."

நர்ஸுக்குப் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்துவிட்டது. முதலில் இரண்டு பேரை விட்டு அவரைப் பிடிக்கச் சொல்லி முகமூடியை மாட்டினார். நிறம் திரும்பிய பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, தப்பு என் பேருல. நான் எண்ணெயைப் பத்திப் பேசியிருக்கக் கூடாது. நீங்க சுவாசிக்கிற காத்து எதிரி இல்ல. மூச்சுக்குழாய் வீங்கிக் கெடக்கிற எடத்துல ரத்தத்துல உள்ள சில செல்லுங்க சண்டைக்கு வந்து கூடும். அதுங்கதான் ஆக்ஸிஜனை வச்சு ஒரு மூர்க்கமான சரக்கு பண்ணி வீசும். சவ்வைக் கெடுக்கிறது அது. நாம நிறுத்த வேண்டியது வீக்கத்தை, காத்தை இல்ல. காத்து இல்லேன்னா செல்லு சிக்கெடுக்காது, செத்துப்போகும்."

"அப்ப அந்த எண்ணெய் மாத்திரை?"

அது ஒரு துணைக்குக் கொடுத்தது, எம்மட்டுக்கு உதவும் என்று இன்னும் ஆராய்ச்சிதான் நடக்கிறது என்றார் டாக்டர். வீக்கத்துக்கு மருந்து இன்ஹேலர்தான், அது எங்கே என்று கேட்டார். ஜெயபாய் தன் கூடைப்பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் எது கிடந்தாலும் அவளுக்குத் தெரியும்.

டாக்டர் அதை உபயோகிக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தார். முதலில் உள்ளே இருக்கும் மூச்சை எல்லாம் வெளியே விட்டுவிடவேண்டும். பிறகுதான் அமுக்கி, மெதுவாக இழுக்கவேண்டும். சோலைராஜுக்கு அந்த முதல் பாடம்தான் கஷ்டமாக இருந்தது. ஆயுசில் எதையும் காலியாக விட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

கிளம்பும்போது ஏலத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டார். டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். சோலைராஜின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இறங்கி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளவேண்டும், மைக் வைத்துக்கொள்ளவேண்டும், ஒரு வார்த்தை சொன்னால் ஒரு மூச்சு இழுத்து விட்ட பிறகுதான் அடுத்த வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு வானம் வெறித்திருந்தது. கோயில் வாசலில் நாற்காலி போட்டு, அதன் முன்னால் பொன்னுராஜ் மைக்கை வேண்டாவெறுப்பாக நட்டுவிட்டு, வழக்கம்போலப் பக்கத்தில் நின்றுகொண்டான். சோலைராஜ் உட்கார்ந்ததும் அவருடைய மூச்சு ஸ்பீக்கரில் புஸ் புஸ்ஸென்று கேட்டது. அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது.

முதல் பொருள் ஒரு பூசணிக்காய். அதை வேறு ஒருவர் தூக்கிக் காட்டவேண்டியிருந்தது. பொன்னுராஜ் உடனே ஒரு தொகையைச் சொன்னான்.

"ஒரு தரம்" என்றார் சோலைராஜ். மூச்சை விட்டார். இழுத்தார்.

அந்த இடைவெளியில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கூடுதலாகக் கேட்டது. பொன்னுராஜ் திரும்பிப் பார்த்தான். சோலைராஜ் மறுபடி ஒரு தரம் என்றார், மூச்சு விட்டார். பின்னாலிருந்து இன்னொரு குரல். இரண்டு தரம் என்று அவர் போய்ச் சேருவதற்குள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். கடைசியில் முன்வரிசைக் குரலுக்கே பூசணி போனது.

கூமாப்பட்டித் தேங்காய்க்கும் அப்படியே நடந்தது. நாட்டுச்சேவலுக்கு இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கேட்டன. கத்தரிக்காய்க்குக்கூட ஆள் மாற்றி ஆள் விலையை ஏற்றினார்கள். வருஷா வருஷம் வேன் நிறையச் சாமானோடு வீட்டுக்குப் போகும் பொன்னுராஜ், இந்தத் தடவை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஸ்பீக்கரில் சாய்ந்து நின்றான். ஏலம் முடிந்ததும் சபைப் பொருளாளர் ஓடிவந்து சோலைராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தக் கோயிலில் இப்படி ஓர் ஏலம் நடந்ததில்லை என்றார்.

சோலைராஜுக்கு அது சந்தோஷமாக இல்லை. காரணம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மனிதர் சாகக் கிடக்கிறார், கடைசியாக ஒரு நல்ல ஏலத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சபையார் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள். குரலுக்காகக் கொடுக்காத சனங்கள் இளைப்புக்காகக் கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் பொன்னுராஜே கூறட்டும் என்று போதகரிடம் சொல்லிவிடலாம் என எழுந்தார்.

அப்போது வெள்ளத்தாய் பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு, பணம் கட்டிவிட்டு அவரைக் கடந்து போனாள். அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்ன வெள்ளத்தாய், வருசா வருசம் பையைத் திறந்து திறந்து மூடுவே. சாகப் போறான்னதும் எம்மேல எரக்கம் வந்துட்டோ?"

வெள்ளத்தாய் பூசணியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எரக்கம் எல்லாம் இல்ல அண்ணாச்சி. இந்த வருசந்தான நீங்க நடுவுல மூச்சு விட்டிய."