ஆளில்லாத தீவுக்கு ஒரு பூட்டு

கடல் இல்லாத ஊர்க்காரன் தீவைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் மலைதான் தெரியும். எங்கள் சொந்தபந்தத்துக்குத் தெரிந்த ஒரே தீவு ராமேஸ்வரம். அங்கேயும் திதி கொடுக்கத்தான் போவோம். இங்கிலீஷ்காரர்களுக்கோ திரும்பின பக்கமெல்லாம் தீவு. நடுரோட்டில் கொஞ்சம் மேடு கட்டி நாலு செடி வைத்தால் அது டிராஃபிக் ஐலண்ட். சமையலறை நடுவில் மேடை போட்டால் அது கிச்சன் ஐலண்ட். (எங்கள் வீட்டில் அப்படி ஒன்று போட்டால் அம்மா வாசலில் நின்றுதான் தாளிக்க வேண்டும்.) ஆபீஸில் ஒருத்தன் யாரோடும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தால் அவனும் ஐலண்ட். இதெல்லாம் போதாதென்று, சும்மா இருக்கிற மனுசனைக் கற்பனையில் ஓர் ஆளில்லாத தீவில் இறக்கிவிட்டு, மூன்று பொருள்தான் எடுத்துப் போகலாம், என்ன எடுப்பாய் என்று ஒரு கேள்வி வேறு.

கோயம்புத்தூரில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில், பயிற்சி கொடுக்க வந்த பெண்மணி இதைத்தான் கேட்டார். பதிலை வைத்து ஆளின் மனசையே படித்துவிடலாமாம். நான் செல்போன், சார்ஜர், ஹெட்போன் என்றேன். சார்ஜரை எங்கே சொருகுவீர்கள் என்று அவர் கேட்டதும் மொத்தக் கூட்டமும் சிரித்தது. எனக்கு மானம் போனது ஒரு பக்கம் இருக்க, கேள்வி மட்டும் ரொம்பப் பிடித்துப்போனது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது இதை நான் யாரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்டுத் தொலைத்தேன்.

ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். பெண் செல்வராணி, பி.காம். முடித்துவிட்டு ஊரிலேயே ஓர் உரக்கடையில் வேலை பார்த்தாள். அவள் அப்பா தரகரிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லியிருந்தார்: சீர் கேட்டு வாயைத் திறக்கிற வீட்டுக்குப் பெண் கிடையாது. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் கார் பற்றி ஜாடையாக ஏதோ பேசப்போய், பாதிக் காபியோடு எழுந்து போக வேண்டியதாகிவிட்டதாம். எங்கள் அப்பாவும் 'ஒரு துரும்புகூடக் கேட்க மாட்டோம்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே எல்லாம் நல்லபடியாகத்தான் தொடங்கியது.

செல்வராணி காபி கொண்டுவந்தாள். டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, யாரும் பார்க்காதபோது தன் மேல் உதட்டை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள். எனக்கு ஜிவ்வென்றது. அப்புறம்தான் புரிந்தது, என் மீசையில் கேசரி ஒட்டியிருந்தது. துடைத்துக்கொண்டேன். சபையில் என் மானத்தைக் காப்பாற்றிய இந்தப் பெண்ணைக் கட்டாமல் விடுவதில்லை என்று அந்த நிமிடமே தீர்மானித்தேன்.

இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள். தனியாக என்றால், அவளுடைய தாய்மாமன் கருப்பையா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, இல்லாத கசிவைத் தேடிக்கொண்டிருக்கிற அளவுக்குத் தனியாக. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் அஸ்திரத்தை எடுத்தேன்.

"ஆளில்லாத தீவுல நீங்க போய் மாட்டிக்கிட்டீங்கன்னு வைங்க. மூணே மூணு பொருள்தான் கொண்டு போகலாம். என்னென்ன கொண்டு போவீங்க?"

அவள் சிரிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கும் என்று கேட்டாள். சுற்றியும் தண்ணீர்தான் என்றேன். அது உப்புத் தண்ணீர், குடிக்க என்ன வழி என்றாள். அதை நான் யோசித்ததில்லை. கரண்ட் உண்டா என்றாள். இல்லை என்றேன். அப்படியானால் மோட்டார் ஆகாது என்று தனக்குள் ஒரு கழித்தல் போட்டுக்கொண்டு, "தோண்ட ஒரு கடப்பாரை, எறைக்க ஒரு கயிறு. அப்புறம் ஒரு பூட்டு" என்றாள்.

"ஆளே இல்லாத தீவுல பூட்டு எதுக்குங்க?"

"ஆள் இல்லாத எடத்தைத்தானேங்க பூட்டுவாங்க?"

பயிற்சிப் பெண்மணி மட்டும் இதைக் கேட்டிருந்தால் வேலையை விட்டிருப்பார். நான் சொக்கிப்போய் நின்றேன். (பூட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.) அதற்குள் தொட்டிப் பக்கம் நின்ற ஆளைக் காணோம்.

கருப்பையா மாமா கீழே போய்ச் சபையில் போட்டு உடைத்துவிட்டார். மாப்பிள்ளை மூன்று பொருள் கேட்கிறார், தீவு கீவு என்று சுற்றி வளைக்கிறார், பிள்ளை பாவம், கடப்பாரை, கயிறு என்று மலிவாகச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறது. இதுதான் அவர் கொடுத்த செய்தி. நான் இறங்கி வந்தபோது கேசரித் தட்டுகளை எடுத்துவிட்டார்கள். தரகர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கேக்குறதைச் சபையில கேட்டிருக்கலாம் தம்பி" என்றார் அவள் அப்பா. "மாடிக்குக் கூட்டிட்டுப் போயிப் பொம்பளைப் புள்ளைகிட்டயா சீரு கேப்பாங்க?"

சீர் இல்லை மாமா, இது தீவு சம்பந்தப்பட்டது என்று குழறினேன். எந்தத் தீவு என்று எல்லாரும் எங்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அங்கேதான் விதி விளையாடியது. எங்கள் அப்பா ஜென்மத்தில் தெரியாது என்று சொன்னதில்லை. முன்பின் போகாத ஊருக்கு வழி கேட்டாலும், நேராகப் போய் இடது பக்கம் என்று கைகாட்டிவிடுவார்.

"அது இருக்கு" என்றார் கம்பீரமாக. "செத்த உள்ள தள்ளி."

கருப்பையா மாமா எத்தனை ஏக்கர் என்றார். இன்னும் அளக்கவில்லை என்றார் அப்பா. தென்னை வருமா என்று கேட்டதற்கு, தென்னைக்கென்றே உள்ள மண் என்றார். மூலையில் இருந்த எங்கள் பெரியத்தை, தீவு என்றாலே ராமேஸ்வரம் என்று முடிவுகட்டி, நல்ல காரியம் பேசுகிற வீட்டில் யாருக்கு இப்போது திதி என்று கேட்டு மூக்கைச் சிந்த ஆரம்பித்தார்.

இனி விளக்கிச் சொன்னால்தான் ஆகும் என்று நான் எழுந்து நின்றேன். அதுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய மடத்தனம். இது வெறும் கற்பனை, ஒரு கப்பல் போகிறது, கவிழ்ந்துவிடுகிறது, உங்கள் பெண் மட்டும் பிழைக்கிறாள், மற்ற எல்லாரும் செத்துப்போகிறார்கள் என்றேன்.

"எல்லாருமா?" என்றார் கருப்பையா மாமா.

"நீங்க கப்பல்லயே இல்ல மாமா."

"ஏன், எங்களை ஏத்த மாட்டீகளோ?"

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். கடப்பாரையோடு அவள் ஒரு தீவிலும், சார்ஜரோடு நான் ஒரு தீவிலும் கடைசிவரை கிடக்க வேண்டியதுதான். நிஜமாகவே கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்போது செல்வராணி நிலைப்படியில் வந்து நின்றாள்.

"அப்பா, அவரு சீரு கேக்கல. கூறுகெட்டத்தனமா ஒரு கேள்வி கேட்டாரு, நானும் பதில் சொல்லிட்டேன். ஆளு கொஞ்சம் வெவரம் பத்தாது. பரவாயில்ல, சமாளிச்சுக்கலாம்."

என்னைப் பற்றி இதைவிட நல்ல வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரி, அந்தத் தீவுக்கு நீங்கள் என்ன கொண்டு போவீர்கள் என்று கேட்டார். சார்ஜர் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"அவங்க சொன்ன மூணையும் நான் தூக்கிட்டுக் கூடப் போறேன் மாமா."

அவர் உள்ளே திரும்பி, அந்தக் கேசரியைத் திரும்ப எடுத்துவரச் சொன்னார்.

கல்யாணத்தன்று தாய்மாமன் சீர் மேளத்தோடு வந்தது. பழத்தட்டு, பூத்தட்டு, புடவைத்தட்டுக்கெல்லாம் முன்னால் குங்குமம் வைத்த கடப்பாரையைக் கருப்பையா மாமாவே தோளில் சுமந்து வந்தார். பின்னால் ஒரு தட்டில் கயிறு, இன்னொன்றில் மாங்காய் அளவுக்குப் பெரிய பூட்டு. வீடியோ எடுத்தவர் குழம்பிப்போய், யாராவது கிணறு வெட்டப் போகிறார்களா என்று என்னிடமே கேட்டார்.

அப்பா இன்றுவரை தீவு இல்லை என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கருப்பையா மாமா வந்து உட்கார்ந்ததும், முகத்தில் சிரிப்பே காட்டாமல், தீவில் மழை எப்படி என்று விசாரிப்பார். இந்த வருசம் பரவாயில்லை என்பார் அப்பா. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மாமா விடாமல் கேட்பார்.

"பூட்டித்தான் போட்டிருக்கு. சாவி மருமக கையில" என்பார் அப்பா.

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தனி அறையில் போய்ப் படுக்கிற நாட்களில், செல்வராணி கதவுக்கு வெளியே நின்று அந்தச் சாவியை ஆட்டுவாள். நான் எழுந்து வந்துவிடுவேன்.