கதவைச் சாத்தி ஊட்டிய சீனிக்கிழங்கு

களக்காடு,
சனிக்கிழமை மாலை.

கர்த்தருக்குள் அன்பான சாலோமி மைனிக்கு உங்கள் நாத்தனார் ஜெசி எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், நான், உங்கள் மகன் பெனோ எல்லாரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும், அதுதான் கடிதத்துக்கு மரியாதை என்று அண்ணன் சொன்னான். ஆகையால் எல்லாரும் சுகம். இனி உண்மையை எழுதுகிறேன்.

நான் முதலில் கவனித்தது எறும்புகளைத்தான். பெனோவை உட்காரவைக்கிற சின்ன நாற்காலிக்குக் கீழே, சுவரோரமாக வரும் எறும்புகள் முன்பெல்லாம் ஒல்லியாக, பஸ்ஸைத் தவற விட்டவர்கள் போல ஓடும். இந்த வாரம் பைய நடக்கின்றன. ஒன்றிரண்டு நடுவழியில் நின்று இளைப்பாறுவதைக்கூடப் பார்த்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் வேகவைத்து, தோல் உரித்து, விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்ததையெல்லாம் இந்த வீட்டில் விரும்பிச் சாப்பிட்டது அவைதான். அவற்றை வளர்க்கச் சொல்லி நீங்கள் என்னிடம் விட்டுப்போகவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனைக் காதில் வைத்தால் எனக்கு 'ம்' தவிர வேறு எதுவும் வருவதில்லை. வீடியோவில் கூப்பிட்டால் என் முகம் தெரியாமலிருக்க நான் போனை மேலே திருப்பிவிடுகிறேன். நீங்களும் மதுரையிலிருந்து நம் வீட்டு மின்விசிறியிடம் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறீர்கள். பிள்ளை தின்பதில்லை என்று அண்ணன் சொல்லக் கேட்டு நேற்று நீங்கள் அழுதீர்கள். "அவன் திங்கலைன்னா நான் இங்கன உக்காந்து என்னத்தப் படிக்க? வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், பஸ் ஏறி வந்துருதேன். நீ ஒரு வார்த்தை சொல்லு ஜெசி, வரவா, வேண்டாமா?" என்று கேட்டீர்கள். நான் 'ம்' என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இரவெல்லாம் யோசித்தும் எனக்கே தெரியவில்லை. செவிலியர் வேலைக்கு பெனோவை வயிற்றில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியவர் நீங்கள். மதுரைப் பயிற்சியைப் பாதியில் விட்டால் அந்த வேலை இன்னொருவருக்குப் போய்விடும் என்று அண்ணன் சொன்னான். ஒரு 'ம்'மினால் அப்படி ஆகக் கூடாது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதோடு நிறுத்தியபோது, அம்மா இல்லாத வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமே, பாவம் என்று எல்லாரும் சொன்னார்கள். இனி எழுந்து நின்று வாசிக்க வேண்டாம் என்று நான் சந்தோஷப்பட்டேன். இப்படிப்பட்டவளிடம்தான் பிள்ளையைக் கொடுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் எனக்கு மனப்பாடம். பல் வந்துவிட்டது, இனியும் கூழாகவே கரைத்து ஊற்றக் கூடாது, அவனே கையால் எடுத்துத் தின்னப் பழக வேண்டும், துண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், ஒரு வயது முடியும்வரை உப்பு, சீனி, தேன் எதுவும் ஆகாது, முழுக் கடலையை அவன் கண்ணில்கூடக் காட்டக் கூடாது, நிமிர்த்தி உட்காரவைத்துத் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். பக்கத்திலேயே இருந்தேன் மைனி. அதில் மட்டும் என்மேல் குறை சொல்ல முடியாது.

முதலில் சீனிக்கிழங்கை, அதுதான் சர்க்கரைவள்ளியை, ஆவியில் வேகவைத்து நறுக்கித் தட்டில் வைத்தேன். அவன் ஒரு துண்டை எடுத்ததும் நான் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன். அவன் அதைக் காதுக்குள் வைக்கப் பார்த்தான். போகவில்லை. உடனே தலையில் தேய்க்க ஆரம்பித்தான். நான் தினமும் அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் அல்லவா, அதே ஒழுங்கில், உச்சியிலிருந்து பிடரிவரை, காதுக்குப் பின்னால்கூட விடாமல் தேய்த்தான். மிச்சத்தைக் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்த சுவரில் பூசினான். மறுநாள் அப்பா வாழைக்காய் மண்டியிலிருந்து கொண்டுவந்த ஏத்தம்பழத்தை மசித்துக் கேப்பை மாவோடு பிசைந்து, தோசைக்கல்லில் தட்டிச் சுட்டேன். தொட்டிலில் பெனோ அழுதான் என்று போய்த் திரும்பி வருவதற்குள் கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது. நசுங்குகிறதா என்று அழுத்திப் பார்த்தேன், என் விரல்தான் நசுங்கியது. அதைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் மூடி வைத்தேன். அப்பா எப்படியோ கண்டுபிடித்து, கடுங்காப்பியில் முக்கித் தின்றுவிட்டு, "ஏட்டி, ரஸ்க்கு நல்லாருக்கே, எந்தக் கடையில வாங்குன?" என்று கேட்டார். அடுப்படியில் நின்றுகொண்டு 'ம்' என்றேன்.

இந்த இடத்தில் கதவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் போன மறுநாள் நான் அவனை வாசலில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் கோமு அக்கா எட்டிப் பார்த்து, "எய்யா, பிள்ளை என்னமா கொழுகொழுன்னு இருக்கான்" என்றாள். அன்று மத்தியானமே அவன் வாயைத் திறக்கவில்லை. அதிலிருந்து நான் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஊட்டுகிறேன். சன்னல் திரையையும் இழுத்துவிடுவேன். அப்பா பார்த்துவிட்டு, "என்னட்டி இது? கண்ணு, திருஷ்டியெல்லாம் நமக்கு உண்டுமா? நாம விசுவாசிக" என்றார். "இல்லப்பா, காத்து வருது" என்றேன். ஓர் இலைகூட அசையாத வெயில், கரண்டும் இல்லை, அப்பாவுக்கும் எனக்கும் வியர்வை கொட்டுகிறது. மறுநாள் அவராகவே எழுந்துபோய்ப் பின்கதவையும் சாத்திவிட்டு, "ஆமா, காத்துதான்" என்றார்.

கண்ணுக்காக மட்டும்தான் சாத்தினேன் என்று சொன்னால் பொய். நான் செய்ததை அவன் துப்புவதை ஊர் பார்க்க வேண்டாமே என்பதும் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு அவன் முன்னால் கையைக் கட்டி, உதட்டை இறுக்கி, பரீட்சை அறையில் காவல் இருக்கிற டீச்சரைப் போல உட்கார்ந்திருப்பேன். அவன் என்னைப் பார்ப்பான், நான் அவனைப் பார்ப்பேன், துண்டு தட்டில் கிடக்கும். என் சாப்பாடு வழக்கம்போல எல்லாரும் முடித்து, அவனும் தூங்கின பிறகு அடுப்படியில், சுவரைப் பார்த்துக்கொண்டுதான். அண்ணன் வாழைத்தார் ஏற்றுகிற வேனை எடுத்துக்கொண்டு விடியும் முன்பே போய்விடுகிறான். அப்பா சாப்பிடும்போது முகத்துக்கு முன்னால் செய்தித்தாள் நிற்கும். ஆக, பிள்ளையை யாரும் தொந்தரவு செய்வதில்லை என்பதற்கு நான் உத்தரவாதம்.

கேரட் துருவிப் போட்டு இட்லி அவித்து, அதையும் விரல் விரலாக வெட்டிக் கொடுத்தேன். இதில் முன்னேற்றம் தெரிந்தது. தட்டு காலியானது. அடுத்த வேளையும் காலியானது. நான் அப்பாவிடம்கூடச் சொல்லிவிட்டேன், அவர் ஸ்தோத்திரம் என்றார். மறுநாள் அவனுக்குத் தட்டை வைத்திருந்தபோது கோமு அக்கா வந்து கதவைத் தட்டினாள். "ஏட்டி ஜெசி, எங் கோழிக்கு என்னத்தக் குடுக்கே? முட்டை பெருசு பெருசா போடுது. நெதமும் உங்க கதவு முன்னால வந்து காத்துக் கெடக்கு. அந்தப் பக்குவத்த எனக்கும் சொல்லேன்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். நான் தண்ணீர் எடுக்கத் திரும்புகிற நேரத்தில் பெனோ நாற்காலியிலிருந்து சரிந்து இறங்கி, இட்லித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கதவின் அடியில் இருக்கிற இடைவெளியில் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் பக்கம் ஒரு மூக்கு வந்து அழகாக வாங்கிக்கொள்கிறது. பருப்பும் முருங்கைக்கீரையும் சேர்த்து அரைத்து அடை சுட்ட அன்று கோழி தன் தோழியையும் கூட்டி வந்திருந்தது.

நேற்று அங்கன்வாடியிலிருந்து எடை பார்க்கிற அக்கா வந்தார். தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடை குறைந்திருந்ததை அட்டையில் குறித்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பாலை மட்டும் வைத்துக்கொண்டு அவன் இன்னும் எத்தனை நாள் ஓட்டுவான்? எலும்பு தெரிகிற அளவுக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் தூக்கும்போது எனக்குத் தெரிகிறது. எல்லாருக்கும் ஏதோ ஒன்று வருகிறது, எனக்குப் பிள்ளை வளர்ப்பு வரும் என்று நினைத்தேன். எனக்குக் கோழி வளர்ப்புதான் வருகிறது.

ஆகையால் மைனி, நீங்கள் கேட்டதற்குப் பதில்: வந்துவிடுங்கள். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் வேலை போனாலும் பிள்ளை இருக்கிறான். விடுதியில் உங்களோடு தங்கியிருப்பவர்களுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, இருந்தாலும் சொல்லுங்கள். அண்ணன் தனியாக முத்தம் அனுப்பச் சொன்னான், அதை நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கர்த்தர் உங்களையும், எனக்குப் பின் இந்தப் பிள்ளைக்கு ஊட்டப் போகிறவர்களையும் தம் செட்டைகளின் கீழ் வைத்துக் காப்பாராக.

உங்கள் அன்பை இன்னும் இழக்காதவள் என்ற நம்பிக்கையில்,
ஜெசி.

பி.கு. இன்று ஞாயிற்றுக்கிழமை. ஒட்டிவைத்த கவரைக் கிழித்துவிட்டேன். மைனி, மேலே எழுதியதில் எல்லாரும் சுகம் என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுங்கள். வர வேண்டாம். பெனோ தின்றுவிட்டான், என் சீனிக்கிழங்கைத்தான் தின்றான், ராத்திரியும் கேட்டுக் கையை நீட்டினான். நீங்கள் அங்கேயே இருந்து படியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

இன்று நம் கோயிலில் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம். ஊரே பந்தலுக்குள் வரிசை வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். தூக்குவாளியை நீட்டி வாங்கிக்கொண்டு பின்வழியாக வீட்டுக்கு வந்துவிடுவேன். இன்றும் அப்படித்தான் நினைத்து, பெனோவை இடுப்பிலும் அவன் சீனிக்கிழங்கை ஒரு டப்பாவிலும் எடுத்துக்கொண்டு போனேன். அவனுக்குப் பசி நேரம் வந்துவிட்டது. அந்தப் பந்தலில் சாத்துவதற்குக் கதவு இல்லை.

அப்பா என்னைக் கண்டதும், "ஏட்டி, இங்கன நில்லு, அண்ணாச்சிக்கு இலை போடணும், இந்த இடத்த விட்டுராத" என்று நிறுத்திவிட்டுப் போனார். அப்பா வேலை பார்க்கிற வாழைக்காய் மண்டி முதலாளி சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சிதான். அவர் சைவம் என்பதால் அவருக்கென்று தனியாகச் சாம்பார் வரும். வந்தது. அவர் சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் இரண்டும் ஏறி இறங்க, வேறு கவலையே இல்லாமல் சாப்பிடுகிறார். இடுப்பில் பெனோ அசையாமல் ஆகிவிட்டான். குனிந்து பார்த்தேன். அவர் வாயையே பார்த்துக்கொண்டு, இவன் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தான். அடுத்த நொடி என் கையிலிருந்து வழுகி இறங்கித் தவழ்ந்துபோய், அவர் இலையிலிருந்து ஒரு பூசணித் துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டான்.

அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்தார். "ஏலே நேசையா, எவன்லே இது, என் இலையில பங்குக்கு வந்திருக்கான்?"

அப்பா ஓடி வந்தார். "மன்னிக்கணும் அண்ணாச்சி, நம்ம பேரன்தான். ஏட்டி, பிள்ளையத் தூக்கு, எல்லாரும் பாக்காவ."

"தூக்க வேண்டாம் வே. நம்ம வீட்டுல ஒரு பய என்கூட உக்காந்து திங்க மாட்டாம். இவன் இருக்கட்டும். ஐயா, இன்னொரு துண்டு எடுங்க."

"அதுல உப்பு இருக்கு அண்ணாச்சி" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். "அவனுக்கு இன்னும் ஒரு வயசு ஆகலை."

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட வாளியோடு நின்றுவிட்டார்கள். அப்பா என்னை யார் என்று தெரியாதவர் போலப் பார்த்தார். அண்ணாச்சி, "சரி டாக்டரம்மா" என்று இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடிவிட்டார். நான் டப்பாவைத் திறந்து ஒரு சீனிக்கிழங்குத் துண்டை பெனோ கையில் கொடுத்தேன். அவன் அதை வாங்கி, கொஞ்சம் யோசித்து, உச்சந்தலையில் தேய்க்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் மைனி எனக்குப் புரிந்தது. எண்ணெய் தேய்ப்பதை அவன் தினமும் பார்க்கிறான், தேய்க்கிறான். தின்பதை யார் அவனுக்குக் காட்டினோம்? நீங்கள் போனதிலிருந்து இந்த வீட்டில் ஒருவர் வாய் அசைவதைக்கூட அவன் பார்க்கவில்லை. பக்கத்திலேயே உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

அண்ணாச்சிக்கு அடுத்த இலையில் யாரும் உட்காரவில்லை. எதிர் வரிசையில் சபை முழுவதும் இருந்தது. என் காது சுட்டது, கால் பின்வழியைப் பார்த்து ஒரு முறை திரும்பியும் விட்டது. தூக்குவாளியைப் பந்தல் காலோரம் வைத்தேன். அந்த இலையின் முன்னால் உட்கார்ந்தேன். பெனோவை எனக்கு நேராக நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அவன் பார்க்க, அத்தனை பேரும் பார்க்க, ஒரு துண்டு சீனிக்கிழங்கை எடுத்து வாயில் போட்டு, கன்னம் இரண்டும் ஏறி இறங்க மென்றேன்.