ஷாட்டு அண்ணன் பொண்ணு பார்க்கப் போன கதை

தும்மறதுக்குக்கூடப் படம் வரைஞ்சு பார்த்துட்டுத்தான் தும்முகிற மனுசன் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் அவர் கோயமுத்தூரில், எங்க கார்ட்டூன் விளம்பரக் கம்பெனியில் இருந்தார். ஷாட்டு அண்ணன். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

கிரைண்டர் விளம்பரமோ பம்புசெட்டு விளம்பரமோ, முதல்ல ஒவ்வொரு ஷாட்டாகக் கட்டம் போட்டுப் பென்சிலில் வரைவார். அது ஸ்டோரிபோர்டு. அப்புறம் அந்தப் படங்களை வீடியோவில் வரிசையா ஓடவிட்டு, எங்களையே குரல் குடுக்கவெச்சு, எங்கே இழுக்குதுன்னு பார்ப்பார். அது அனிமேடிக்.

"பென்சில்ல தப்புப் பண்ணுனா ரப்பர் போதுமுங்க. பெயிண்ட் அடிச்சப்புறம் பண்ணுனா கம்பெனியே போயிருமுங்க" என்பார். பெயிண்ட் அடிக்கிறவள் நான். அதனால் எனக்கு அவர் சாமி மாதிரி.

ஆபீசில் வாய் ஓயாத இந்த மனுசன், பொண்ணு பார்க்கப் போனா மட்டும் ஊமை. பஜ்ஜியைத் தின்னுட்டு ஒரு வார்த்தை பேசாம வந்துருவார். வரனெல்லாம் தட்டிப்போய்க்கிட்டே இருந்தது. கடைசியா சோமனூரிலிருந்து ஒரு டீச்சரம்மா போட்டோ வந்தது. அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இதுவும் தட்டிப்போனா இனிக் கல்யாணப் பேச்சே வேண்டாமுன்னுட்டார்.

அப்புறமென்ன, பொண்ணு பார்க்கிறதுக்கே ஸ்டோரிபோர்டு! முதல் கட்டத்தில் பொண்ணோட அப்பா கும்பிடுறார். பொண்ணு காப்பியோடு வந்து தலை குனிஞ்சு சிரிக்குது. அண்ணன், "ஏனுங்க, என்னைப் புடிச்சிருக்குதுங்களா?"ங்கிறார். அனிமேடிக்கில் பொண்ணுக்கு நான் குரல். "இழுக்காதீங்க அம்மணி, காப்பி ஆறிப்போகும்"னு திரும்பத் திரும்பப் பேசவெச்சு உயிரை எடுத்துப்போட்டார்.

ஞாயித்துக்கிழமை அந்த ஸ்டோரிபோர்டையும் எடுத்துக்கிட்டுப் போனார். திங்கக்கிழமை வந்தவர் யார் முகத்தையும் பார்க்காம, ரப்பரை எடுத்துப் போர்டை அழிக்க உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"என்னங்கண்ணா, பேசுனீங்களா?"

"எங்கீங்க! வாயே வரலை. போர்டைத்தான் கையில குடுத்தேன். அவங்க முழுசும் பார்த்துட்டு, 'நான் தலையெல்லாம் குனியமாட்டேனுங்க, இதை மாத்திக் கொண்டாங்க'ன்னுட்டாங்க. இதுவும் போச்சுங்க அம்மணி."

"போச்சுன்னா இதை எதுக்குங்கண்ணா அழிக்கறீங்க?"

"திருத்தம் சொன்னா செஞ்சுதானுங்களே ஆகோணும்!"

"அட அண்ணா, மாத்திக் கொண்டாங்கன்னா உங்களை மறுக்கா வரச் சொல்லியிருக்காங்க!"

ரப்பர் அப்படியே நின்னுபோச்சு. "அப்படீங்களா?"ன்னு என்னையே பார்த்தார். எல்லாத்தையும் யோசிச்சு யோசிச்சு வரைஞ்ச மனுசனுக்கு, தன்னையும் ஒருத்தருக்குப் பிடிக்கும்கிறது மட்டும் தோணவே இல்லை. எனக்கு அழுகையே வந்துபோச்சுங்க.