இடது கை நீண்ட கோட்டு

கொசுவைக்கூட கும்பிட்டு அனுப்பறவன் நான். என் மேல அடிதடி கேஸ்!

சாயங்காலம் நாலு மணி. மூடுபனி. மாடிப்படிக்குக் கீழ இஸ்திரிக்கடைக்காரர் மூக்குல நான் குத்திட்டேனாம். நானோ மேல தூங்கிட்டிருந்தேன். பாத்தவங்க மூணு பேர். மூஞ்சிய யாரும் பாக்கல. "பனிக்குள்ள ஒரு நீளக் கை ஆடிக்கிட்டே போச்சு"ன்னாங்க. இடது கை நாலு விரல் நீளமா தொங்கற கோட்டு ஊர்லயே ஒண்ணுதான். தையக்காரன் நான், எனக்கு நானே அளவெடுத்துத் தச்சது.

கத்தல் கேட்டு முழிச்சப்பவே பாத்தேன். ஆணியில அந்தக் கோட்டு தானா ஆடுது. தண்ணி சொட்டுது. உள்ள கைய விட்டா, வெதுவெதுன்னு ஆள் சூடு! காலர் பொத்தானக் காணோம்.

"அடியே, நான் தூங்கினேன்தானே?"

"குறட்டை கேட்டுச்சே." தலையத் துவட்டிக்கிட்டே சொன்னா என் பொண்டாட்டி.

"அப்ப போனது யாரு?"

"உங்க கோட்டு."

"கோட்டு தானா நடக்குமா?"

"தச்சவரு நீங்க. உங்களுக்குத்தான் வெளிச்சம்."

ரெண்டு நாள் அந்தச் சுவரு பக்கமே நான் திரும்பல. அது மட்டும் என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

வக்கீல் சொன்னார்: "கை ஓங்கி மிரட்டினாலே குத்தம். பட்டா இன்னொரு குத்தம். ஆனா அவன் முதல்ல கை வச்சு, தப்பிக்கற அளவுக்கு மட்டும் திருப்பி அடிச்சிருந்தா தற்காப்பு. யார் முதல்ல தொட்டது?"

"கோட்டைத்தான் கேக்கணும் சார்."

வக்கீல் பேனாவ மூடிட்டார். "இப்படிச் சொன்னா ஆறு மாசம் உள்ளதான்."

"நான் தூங்கினதுக்கு இவ சாட்சி சார்! சொல்லுடி!"

"நாலு மணிக்கு நான் வீட்டுலயே இல்லையே."

"குறட்டை கேட்டேன்னியே!"

"மாடிப்படிக்குக் கீழ வரைக்கும் கேட்டுச்சுங்க."

வக்கீல் பேனாவத் திறந்தார். "அங்க என்னம்மா வேலை?"

"தூறல் சார். இவர் கோட்டை மாட்டிக்கிட்டு நூல்கண்டு வாங்கப் போனேன். பனிக்குள்ளேர்ந்து ஒரு கை வந்து காலரைப் பிடிச்சு இழுத்துச்சு. 'என் பேன்ட்டுல ஒரு கால குட்டையா தச்சவனே!'ன்னு. திரும்பி ஒரே குத்து. அவன் விட்டான், நானும் விட்டேன். பிஞ்ச பொத்தான் அவன்கிட்டதான் இருக்கும்."

"ஏன்டி ரெண்டு நாளா சொல்லல?"

"நான் எங்க இருந்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

குத்தினது யாருன்னு தெரிஞ்சதும் இஸ்திரிக்காரர் அன்னைக்கே புகாரை வாபஸ் வாங்கிட்டார்.

இப்ப அந்த இடது கைய வெட்டித் தச்சுக்கிட்டு இருக்கேன். அவ அளவுக்கு.