வாயால் எழுதலாம், கையால் பேசக்கூடாது

லிவிங்ஸ்டன், மொன்டானா
செவ்வாய்க்கிழமை

என்றும் மதிப்பிற்குரிய அக்கா மார்லிஸுக்கு, தம்பி ஆர்லின் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் வெர்னாவும், மகள் காரினும், பெயர் வைக்கப் போகும் பேரனும் சுகம். அங்கு நீ சுகமாக இல்லை என்று தெரிந்தே இதை எழுதுவதால், வழக்கமாகக் கேட்பதைக் கேட்காமல் விடுகிறேன். உறைந்த ஏரிமேல் நிற்கும் அப்பாவின் மீன்பிடிக் குடிசையை மார்ச் மாதம் ஏரிப் பனி உருகுவதற்குள் கரைக்கு இழுப்பது உன் பொறுப்பா என் பொறுப்பா என்று நாம் சண்டை போட்டு, அதற்குள் ஏரியே அதை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து நமக்குள் பேச்சு நின்றுபோனது உனக்கும் நினைவிருக்கும். அத்தனை வருஷம் கழித்து நீ அழுதுகொண்டே கூப்பிட்ட அழைப்பை நான் பாதியில் துண்டித்தது கோபத்தால் அல்ல. சட்டத்தால். எந்தச் சட்டம் என்று கேட்டால் எனக்கே இன்னும் விளங்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், உனக்கு விளங்கினால் எனக்கும் சொல்.

வெர்னா முன்பே விமானத்தில் இங்கே மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பேரனுக்காக நான் செய்த தொட்டிலை ஏற்றிக்கொண்டு என் பழைய பிக்கப் வண்டியில் நான் தனியாகப் புறப்பட்டேன். அந்த வண்டிக்குப் போனோடு பேசத் தெரியாது. நம் மாநில எல்லையை நெருங்கி ஃபெர்கஸ் ஃபால்ஸ் ஊரைத் தாண்டும்போது காபிக் குவளை வைக்கும் குழியில் கிடந்த போன் அடித்தது. பார்த்தால் உன் பெயர். கை என்னைக் கேட்காமலே எடுத்துக் காதில் வைத்துவிட்டது. "அக்கா? அக்கா, நீயா?" என்கிறேன், பதிலே இல்லை. ஏதோ சரசரவென்று சத்தம், பிறகு ஒரு முனகல், பிறகு நெஞ்சைப் பிசைகிற மாதிரி நீளமாக ஓர் அழுகை. அம்மா போனபோதுகூட நீ அப்படி அழுததில்லை. "அக்கா, என்னாச்சு, சொல்லு!" என்று கத்துகிறேன், அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியில் போலீஸ் வண்டியின் விளக்கு சுழல்கிறது. ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியும் ஒரு போலீஸ்காரரிடமும் அபராதச் சீட்டு வாங்காதவன் நான். பதறிப்போய்ப் போனை விட்டெறிந்தேன், அது இருக்கைக்கு அடியில் போய் விழுந்து வாயை மூடிக்கொண்டது.

வந்தவர் இளம் வயது, நம்ம ஊர்க்காரர்களுக்கே உரிய மரியாதை. "மன்னிக்கணும் சார், போனைக் கையில வச்சிருந்தீங்களா?" என்றார்.

"எங்க அக்கா அழுதாங்க."

"கேக்கவே கஷ்டமா இருக்கு சார். ஆனா அழுதாலும் கையில எடுக்கக் கூடாது. பேசலாம். பிடிக்கக் கூடாது."

"பிடிக்காம எப்படிங்க காதுல வைக்கறது?"

"காதுல வைக்கக் கூடாது சார். ஒரே ஒரு தட்டு தட்டிட்டு, அதுபாட்டுக்கு அங்க இருக்க, நீங்கபாட்டுக்கு இங்கருந்து பேசணும். சேதி அனுப்பணும்னாக்கூட வாயால சொல்லுங்க, அதுவே எழுதிக்கும்."

"நான் வாயால எழுதணுமா?"

"ஆமா சார்."

"கையால பேசக்கூடாது?"

அவர் அபராதச் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "அப்படியும் சொல்லலாம் சார்," என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அக்காவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

அடுத்த ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, இருக்கைக்கு அடியிலிருந்து போனை மீட்டு உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் இல்லை. நான் ஓட்டும்போது நீ அழுகிறாய், நான் நிறுத்தினால் நீ எடுப்பதில்லை. சரி, கோபத்தில் இருக்கிறாய், பாதி அழுகையில் வெட்டிவிட்டுப் போனவனிடம் யார்தான் பேசுவார்கள் என்று என்னையே திட்டிக்கொண்டு, எல்லை ஆற்றைக் கடந்து நார்த் டக்கோட்டா மாநிலத்துக்குள் போய், ஜேம்ஸ்டவுனில் பெட்ரோல் போட நின்றேன். அங்கே காபி இயந்திரத்தின் முன்னால் ஒரு லாரி ஓட்டுகிற பெண் நின்றுகொண்டிருந்தாள். இஷ்பெல் என்று பெயர், ஸ்காட்லாந்தில் பிறந்து பாதி உலகத்தில் லாரி ஓட்டிவிட்டு இப்போது வின்னிபெக்கில் இருக்கிறாளாம். என் முகத்தைப் பார்த்தே விசாரித்தாள், நானும் கொட்டிவிட்டேன்.

"அட, இதுக்கா இப்படி உடைஞ்சுபோய் நிக்கறீங்க பெரியவரே? ஆத்தைத் தாண்டிட்டீங்கல்ல? இங்க கையில பிடிச்சே பேசலாம். எழுதத்தான் கூடாது."

"அங்க எழுதலாம், பிடிச்சுப் பேசக்கூடாதுன்னாரே?"

"அது அங்க. இது இங்க. ஆனா நீங்க பேசலாம், நான் பேசக்கூடாது. எனக்கு லாரிச் சட்டம், எந்த மாநிலத்துக்குப் போனாலும் கூடவே வரும், மாமியார் மாதிரி. இதுக்கே இப்படின்னா, பிரிட்டன்ல சிவப்பு விளக்குல சும்மா நின்னாக்கூடத் தொடக்கூடாது. ஹாலந்துல, ஜப்பான்ல எல்லாம் சைக்கிள்ல போறவன்கூடக் கையில எடுக்கக் கூடாது."

"நடந்து போறவன்?"

"அவனை இன்னும் விட்டுவச்சிருக்காங்க. சீக்கிரம் நடந்து முடிச்சுருங்க."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் புதுக் குழப்பம். உன் எண்ணை அழுத்தினால் அது எழுதுவதில் சேருமா, பேசுவதில் சேருமா? எண் என்பது எழுத்தா? இதைக் கல்லாப்பெட்டியில் இருந்த பெண்ணிடம் கேட்டேன், அவள் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து "அடுத்து யாருங்க?" என்றாள். எதற்கு வம்பென்று நிறுத்துமிடத்திலேயே எண்ணை அழுத்தி, மணி அடிக்க அடிக்கக் காதில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறினேன். அது அடித்து ஓயும், வெளியேறும் அடுத்த வழியில் இறங்குவேன், நிறுத்தி அழுத்துவேன், மறுபடி ஏறுவேன். பிஸ்மார்க் வரைக்கும் இப்படி ஏறி இறங்கியதில் பின்னால் தொட்டிலின் ஒரு கால் கழன்றுவிட்டது. நீ எடுக்கவில்லை.

மொன்டானாவுக்குள் நுழைந்ததும், இங்கே மாநிலச் சட்டம் என்று ஒன்றும் கிடையாது, வேண்டிய மட்டும் பேசலாம் என்று உணவுக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார். அடடா, இதல்லவா ஊர் என்று போனைக் கையில் எடுத்தால், சிக்னல் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை புல்லும் கறுப்பு மாடும். சட்டம் இருந்த இடத்திலெல்லாம் சிக்னல் இருந்தது, சிக்னல் இல்லாத இடத்தில் சட்டம் போட்டு என்ன பயன் என்று விட்டுவிட்டார்கள் போலும். அந்த வெட்டவெளியில் உன் அழுகைதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது, அக்கா. உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாழாய்ப்போன குடிசைக்காக இத்தனை வருஷம் வீம்பாக இருந்தவன் என்று நான் மிச்ச நாளைத் தள்ள வேண்டியிருக்குமே என்று நினைத்து, நேரே மகள் காரினின் வீட்டுக்குப் போக இருந்தவன், பில்லிங்ஸில் உன் வீட்டுக்கே வண்டியை விட்டேன்.

உன் தெருவுக்குள் திரும்பும்போது சிக்னல் வந்தது. வாசலுக்கு வந்துவிட்டேன் என்று சொல்லலாமென்று போனை எடுத்துக் காதில் வைத்தேன். பின்னால் விளக்கு சுழன்றது. இந்த முறை ஒரு பெண் போலீஸ்.

"கையில போன் வச்சிருந்தீங்க."

"அம்மா, மொன்டானாவுல சட்டமே இல்லைன்னாங்களே!"

"மொன்டானாவுக்கு இல்லை சார். பில்லிங்ஸுக்கு உண்டு."

"பில்லிங்ஸ் மொன்டானாவுலதானே இருக்கு?"

"இருக்கு சார். ஆனா நீங்க பில்லிங்ஸுல இருக்கீங்க."

அவர் என் உரிமத்தைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், மூன்று கால்தானே இருக்கிறது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். தண்ணீர் பாட்டில்கூடக் கொடுத்தார்.

உன் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மனிதர், "மார்லிஸா? லெஸ்டரைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போயிருக்காங்க. பாவம், விடிஞ்சதுலருந்து ஒரே அழுகை. அங்கயே தங்கும்படி ஆகுமாம்" என்றார்.

லெஸ்டர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமையை நான் இழந்து பல வருஷமாகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்த வயதில் உனக்கு ஒரு துணை கிடைத்ததில் வெர்னாவுக்கும் எனக்கும் முழு சந்தோஷம். நல்லபடியாகப் பிழைத்து வரட்டும். உடம்பு தேறியதும் இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள். அவர் என்ன சாப்பிடுவார் என்று மட்டும் எழுது, வெர்னா செய்து வைப்பாள். எத்தனை மணிக்கு வருவாயோ என்று தெரியாமல், போலீஸ் நிறுத்திய வண்டியோடு உன் வாசலில் நின்று உனக்குத் தலைகுனிவு ஏற்படுத்த மனமில்லாமல், கதவடியில் ருபார்ப் ஜாம் பாட்டிலை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கர்த்தர் உன்னையும் லெஸ்டரையும் தாங்கட்டும். உன் கண்ணீரெல்லாம் நான் சிந்த வேண்டியதாக மாறட்டும். எல்லோரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள், பேரன் சொல்லவில்லை, அவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

உன் அன்புத் தம்பி,
ஆர்லின் ஸ்லெட்டன்

பி.கு: இதற்கு மேல் நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் கடிதம் அரைகுறையாக நிற்கக் கூடாதென்று எழுதுகிறேன். மேலே கையெழுத்துப் போட்டுவிட்டு உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் கால்சட்டையின் பின்பையிலிருந்து "ஆர்லின்! டேய் ஆர்லின்! கூப்பிட்டுட்டு ஏன்டா பேசாம இருக்க?" என்று உன் குரல் வந்தது. நான் கூப்பிடவில்லை, போன்மேல் உட்கார்ந்திருக்கிறேன், அதுவே உன்னை அழைத்துவிட்டது. "நீதானே அன்னைக்கு அழுதுக்கிட்டே கூப்பிட்ட?" என்றேன். "நான் எங்கடா கூப்பிட்டேன்? போன் அன்னைக்கு முழுக்கக் கைப்பைக்குள்ள கிடந்துது, தானா அழுத்திக்கிச்சு போல, நான் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன். அழுதது லெஸ்டர். காலுறையை முழுங்கிட்டான். நாய்டா அவன்!" என்றாய். அப்புறம் நீ சிரித்தாய், நானும் சிரித்தேன், வெர்னா சாப்பிட மூன்று தடவை கூப்பிட்டும் நாம் நிறுத்தவில்லை, ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கும் சடங்குக்கு வருகிறேன் என்றாய். ஆக, நீயும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் உன்னைக் கூப்பிடவில்லை. பிறகு இவ்வளவு நேரம் பேசியது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை, அக்கா. விளங்க வேண்டாம் என்றும் தோன்றுகிறது.